இரண்டு கருப்பாயிகள், ஒரு கோடு: 1962 தேர்தல் வேலைக்குப் போன கதை

தேர்தல் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று எங்கள் தெரு டீச்சர் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் போகாத ஊராம், ராத்திரி எங்கே படுப்பது, என்னத்தைச் சாப்பிடுவது என்று ஒரே புலம்பல். அவளுக்குச் சொன்னதை, அவளைப்போல முதல்முறை போகிற எல்லோருக்குமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் முதன்முதலாகப் போனது 1962 பிப்ரவரியில். அப்போது எனக்கு வயது இருபது. ஓட்டுப் போட இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். ஆக எனக்கு ஓட்டு கிடையாது, ஊராருக்கு மை வைக்க மட்டும் நான் வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

நான் டீச்சராக வேலை பார்த்தது திருவரங்குளத்தில். ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் காலை ஏழேகால் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கிளம்பினேன். ஐந்து மைல், இருபது நயா பைசா. தாலுகா ஆபீஸில் பெட்டி, மைக்குப்பி, அரக்கு, முத்திரை, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கவே பதினோரு மணி ஆகிவிட்டது. எங்கள் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான பிரிசைடிங் ஆபீசர் அதே ஆபீஸின் குமாஸ்தா. சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சாப்பிடக்கூடிய மனிதர். அன்னவாசல் வரை பதினோரு மைல் லாரியில், நின்றுகொண்டே, ஒரு மணி நேரம். அங்கிருந்து சாவடி இருந்த ஊருக்கு நாலு மைல் மாட்டுவண்டியில் இரண்டு மணி நேரம். நடந்திருந்தால் முன்னாலேயே போயிருக்கலாம்.

வண்டிக்காரருக்கு ஒரு சந்தேகம். "ரெண்டு ஓட்டாமே டீச்சர். எதுக்குங்க ரெண்டு?"

ஒன்று மெட்ராஸ் சட்டசபைக்கு, இன்னொன்று டில்லி பார்லிமெண்டுக்கு என்றேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் மெட்ராஸ் பார்த்துக்கொள்ளும். ரயில், தபால், பட்டாளம் டில்லியுடையது. சமூகப் பாடம் எடுக்கிற தோரணை எனக்கு வந்துவிட்டது.

"எங்க ஊருக்குக் கெணறு வேணும். அது எந்த ஓட்டுல வரும்?"

"அது பஞ்சாயத்து யூனியன். அதுக்கு வேற தேர்தல்."

அவர் மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். "முன்னாடி ராசா ஒருத்தருக்கு மனுக் குடுத்தாப் போதும். குடுத்தாலும் கெணறு வராது, அது வேற விசயம். இப்ப யாருகிட்ட கேக்கணும்னு தெரியவே தனியாப் படிக்கணும் போல." புதுக்கோட்டை சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்து பதினாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாட்டுக்கு என்ன வயது என்று விசாரித்தேன்.

அன்று அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு தொடங்கியது. அதற்கு முந்தைய தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. சீட்டை அப்படியே உள்ளே போட்டால் தீர்ந்தது. இந்த முறைதான் ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்து, பிடித்த சின்னத்தில் முத்திரை குத்தச் சொன்னார்கள். பெண்கள் பட்டியலில் பேரைத் தேடிக் கோடு போடுவதும் விரலில் மை வைப்பதும் என் வேலை. எதிரே ஒரே பெஞ்சில் இரண்டு ஏஜெண்டுகள். ஆளும் கட்சிக்கு ராமையா, மீசைக்காரர். எதிர்க்கட்சிக்குச் செல்வராசு, என் வயதுதான் இருக்கும். கள்ள ஓட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், ஓட்டை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கருப்பாயி என்று ஒரு பெண் வந்தாள். பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு கருப்பாயி, இரண்டு பேருக்கும் முப்பது வயது. ஒருத்தி முத்தையா மனைவி, இன்னொருத்தி சின்னையா மனைவி. "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டேன். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மறுபடி கேட்டேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருபது பேர் வரிசை. சாவடிக்கு நூறு கெஜத்துக்குள் கட்சிக்கொடி பறக்கக் கூடாது, பறக்கிறது என்று ஏஜெண்டுகள் இரண்டு பேரும் வாசலில் சண்டை. பாவம், இவளை ஏன் வதைக்க வேண்டும் என்று குத்துமதிப்பாகச் சின்னையா மனைவி பேரில் கோடு போட்டு மை வைத்து அனுப்பினேன்.

மாலை நாலே முக்காலுக்கு இன்னொரு கருப்பாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் செல்வராசு எழுதிக் கொடுத்த வரிசை எண் சீட்டு. பட்டியலைப் பார்த்தேன். அந்த எண்ணில் என் கோடு.

பிரிசைடிங் ஆபீசர் புத்தகத்தைப் புரட்டினார். "இந்த எண்ணுல ஓட்டு விழுந்துடுச்சு. வேணும்னா ஒரு சீட்டு தர்றேன். அது பெட்டிக்குள்ள போகாது, தனிக் கவர்ல போகும். எண்ண மாட்டாங்க."

"எண்ணாத சீட்டு எனக்கு எதுக்குங்க?" என்றாள் கருப்பாயி. "அரை நாள் கூலிய விட்டுட்டு மூணு மைல் ஓடியாந்திருக்கேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. கள்ள ஓட்டு என்று போயிருக்கும். அந்த எண்ணமும் வந்தது, மறைப்பானேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்து, "தப்பு என்னோடது சார். காலையில வந்தவங்க வீட்டுக்காரர் பேரைத் தெரிஞ்சுக்காமக் கோடு போட்டுட்டேன்," என்றேன்.

அவர் என்னை முறைத்துவிட்டு ஏஜெண்டுகள் பக்கம் திரும்பினார். "காலையில வந்தது முத்தையா சம்சாரம், இவங்க சின்னையா சம்சாரம்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டா, கோட்டை மாத்திப் போட்டு நல்ல சீட்டே குடுப்பேன். ஒருத்தர் மாட்டேன்னாலும் நடக்காது."

செல்வராசு அப்போதே பேனாவை எடுத்துவிட்டான். ராமையா அசையவில்லை. சின்னையா வீட்டுக் கூரையில் எதிர்க்கட்சிக் கொடி பறப்பது ஊருக்கே தெரியும். காலையில் விழுந்தது ராமையா கட்சி ஓட்டு, அது பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது. இவள் திரும்பிப் போனால் எதிரிக்கு ஒன்று குறையும். அவர் எதுவுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம்.

"கையக் காட்டுத்தா," என்றார் ராமையா. இரண்டு கையையும் நீட்டினாள். மண் இருந்தது, மை இல்லை.

"சின்னையா சம்சாரந்தாங்க இது," என்றார். "காலையில வந்தது முத்தையா சம்சாரம், நான்தான் கூட்டியாந்தேன். எங்கிட்டுக் கையெழுத்துப் போடணும்?"

கருப்பாயி இரண்டு சீட்டையும் வாங்கி மறைப்புக்குள் போய் வந்தாள். ஐந்துக்குப் பெட்டியை மூடி அரக்கு வைத்தோம். அதன்மேல் ராமையாவும் செல்வராசுவும் மாறி மாறி முத்திரை குத்தினார்கள். என் தவறை என் கையாலேயே டைரியில் எழுத வைத்தார் ஆபீசர். மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, அதோடு போயிற்று.

இப்போது போகிறவர்களுக்கு: முதல் நாளே சாவடி போய்ச் சேருங்கள். தண்ணீரும் இட்லிப் பொடியும் கையில் இருக்கட்டும். வரிசை நீளுகிறதே என்று இரக்கப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். நான் ஒருத்திமேல் பட்ட இரக்கம் இன்னொருத்தியின் தலையில் விடிந்தது. ஏஜெண்டுகளைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். டில்லி, மெட்ராஸ், யூனியன் என்று நான் பாடமாக ஒப்பித்ததெல்லாம் அந்தப் பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரை நம்பித்தான் நின்றது. இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகும்போது கருப்பாயி ராமையா முன்னால் நின்றாள்.

"ஒனக்குப் போடலண்ணே," என்றாள்.

"தெரியும்த்தா. இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரு."