ஆறு மணி நேரம் காத்திருந்த பால்

ஐகண்டேயைப் பற்றிச் சொல்ல மோஷி நகரத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பதினாலு வருஷமாக ஒரே பால் கம்பெனி கேண்டீனில் அவளோடு மல்லுக்கு நின்றவன் நான். பெயர் கிஹியோ. வேலை, மலையிலிருந்து வரும் பாலைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது.

நான் பாரே மலைக்காரன், அவள் கிளிமஞ்சாரோ சாகா. இந்த இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்தால் ஒருவரையொருவர் வாரியே தீரவேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கம். பாரே என்றால் கஞ்சன், எடுத்ததற்கெல்லாம் கோர்ட்டு வாசலில் நிற்பவன் என்பது அவர்கள் பாட்டு. காசு விழும் சத்தம் கேட்டால் செத்த சாகாவும் எழுந்து உட்காருவான் என்பது எங்கள் பாட்டு. காலைப் பத்துக்கு, எங்கள் வாயில் அது மணி நாலு, கேண்டீனில் டீ வந்ததும் கச்சேரி ஆரம்பித்துவிடும்.

"என்ன கிஹியோ அண்ணே, இன்னிக்கு யார் மேல கேசு?"

"உன் மேலதான்டி. என் டீயில சர்க்கரையைக் குறைச்சு அதையும் வித்துட்டியாமே!"

அவள் சிரித்தால் கேண்டீன் தகரக் கூரை அதிரும். அப்படி ஒரு சிரிப்பு.

பால் கேன் கழுவத்தான் அவள் முதலில் வந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்து அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். மலைமேல் எங்களுக்குப் பதினொரு பால் சேகரிப்பு மையங்கள். பதினொரு நோட்டுப் புத்தகங்கள். யார் ஊற்றினார்கள், எத்தனை லிட்டர், எப்போது வந்தது, எப்போது குளிர்த்தொட்டிக்குள் போனது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவள் வார அறிக்கை தயாரிப்பாள். திங்கட்கிழமைப் பாலைப் பற்றிய சேதி டைரக்டர் மேஜைக்கு வெள்ளிக்கிழமை போய்ச் சேரும். அதற்குள் அந்தப் பால் தயிராகி, மோராகி, குடித்தவன் ஏப்பம் விட்டு மறந்தே போயிருப்பான்.

அப்போதுதான் தலைமையகத்திலிருந்து, எண்களைப் படமாகக் காட்டும் டாஷ்போர்டு மென்பொருளும் நோட்டுக்குப் பதிலாக மையத்துக்கு ஒரு டேப்லெட்டும் வந்தன. மூன்று நாள் பயிற்சி. நாங்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்காகப் போனோம், அவள் ஒருத்திதான் பயிற்சிக்காகப் போனாள். மூன்றாம் நாள் ஒரு பட்டையைத் தொட்டாள். பக்கத்தில் இருந்த வட்டம், கோடு, வரைபடம் எல்லாம் சேர்ந்து மாறின. "ஐயையோ, ஒண்ணத் தொட்டா எல்லாம் ஆடுதே!" என்று போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்கள் தீ விபத்து என்று வெளியே ஓடினார்கள்.

பிறகு பிடித்தது பைத்தியம். முதல் டாஷ்போர்டில் பதினாலு முள் வைத்த மானிகள். அதைப் பார்த்த டைரக்டர், "இதுல எதை அமுக்குனா பறக்கும்?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் பதினொரு மையத்துக்குப் பதினொரு கட்டம் வைத்தாள். பால் வந்து அரை மணியில் குளிர்த்தொட்டிக்குள் போனால் பச்சை, ஒரு மணிவரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வீட்டிலும் விடவில்லை. புருஷன் குளிக்கும் நிமிஷங்களைப் பட்டை பட்டையாக வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அந்த மனுஷன் பயந்துபோய் இப்போது நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறாராம்.

டாஷ்போர்டைக் கேண்டீன் சுவரில் பெரிய டிவியில் மாட்டினார்கள். அவ்வளவுதான், தொழிற்சாலை கெட்டது! கால்மணிக்கு ஒருமுறை எண்கள் மாறும். அந்த நேரத்துக்குச் சரியாக ஆட்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். ஐகண்டேயின் ஊரான மராங்கு பச்சையானால் மராங்கு ஆட்கள் மேஜையைத் தட்டுவார்கள். மஞ்சளானால் மற்றவர்கள் ஊளையிடுவார்கள். கடைசி இடம் வந்த ஊர்க்காரன் எல்லோருக்கும் டீயோடு தின்னும் மண்டாஸிப் பணியாரம் வாங்கித் தரவேண்டும் என்று ஒரு சட்டம் தானாகவே வந்தது. சமையற்கட்டு ருக்கியா தன் பீன்ஸ் பானைக்குப் பச்சைத் துணியும் நேற்றைய பீன்ஸுக்குச் சிவப்புத் துணியும் கட்டினாள். வாட்ச்மேன் தன் மாமியாருக்கு ஒரு டாஷ்போர்டு கேட்டு ஐகண்டேயிடம் வந்தான்.

"மாமியாருக்கு எதுக்கு?"

"சிவப்பா இருக்கும்போது வீட்டுக்குப் போகாம இருக்கலாமில்ல அக்கா!"

ஐகண்டே தரையில் கால் பாவாமல் திரிந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்வேனா? ஒரு பாரே, சாகாவிடம்!

இப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் உசாங்கி சிவப்பானது.

உசாங்கி என் ஊர். பாரே மலையில் எங்களுக்கு இருக்கும் ஒரே மையம், நூற்று முப்பது வீட்டுப் பால் அங்கே வருகிறது. பழைய கணக்காளர் பிரசவ விடுப்பில் போக, நம்சிஃபு டீச்சர் பொறுப்புக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஸ்வாஹிலி ஆசிரியை. அவர் வந்த வாரமே கட்டம் சிவப்பு. பால் காத்திருந்த நேரம், சராசரி ஆறு மணி இருபது நிமிஷம். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். தினமும் நான்தான் மண்டாஸி வாங்கவேண்டும் என்று கேண்டீனே குதித்தது. நான் வாங்கவில்லை, அது வேறு கதை.

முதலில் எல்லோரும் சிரித்தோம். தலைமையகம் சிரிக்கவில்லை. அவர்களும் அதே டாஷ்போர்டை டார் எஸ் சலாமில் உட்கார்ந்து பார்க்கிறார்களே! உசாங்கியை மூடிவிடலாம் என்று கடிதம் வந்தது. மூடினால் எங்கள் மலைக்கு லாரி ஏறாது. நூற்று முப்பது வீட்டில் கறந்த பாலை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? மேலதிகாரி சிலேஷே புதன்கிழமை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார்கள்.

என்னால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பாலைத் தினமும் சோதிப்பவன் நான். சம அளவு ஆல்கஹால் கலந்தால் புளிக்க ஆரம்பித்த பால் திரிந்துவிடும். உசாங்கிப் பால் ஒரு நாள்கூடத் திரியவில்லை. குளிர்விக்காமல் ஆறு மணி நேரம் வைத்த பாலா திரியாமல் இருக்கும்? டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கிஹியோ, நீங்களும் அந்த ஊருதானே" என்றார். பதினாலு வருஷ வேலைக்கு அப்படி ஒரு வார்த்தை.

நேரே ஐகண்டேயிடம் போனேன். அன்று கேலி பேசவில்லை.

"உன் பொட்டி பொய் சொல்லுது. நீயும் அதுக்கு ஜால்ரா போடுற. எங்க ஊரு அழிஞ்சா உனக்கு என்ன, உங்க மராங்கு பச்சையா இருக்குல்ல?"

அவள் முகம் சுண்டிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன மறுகணமே தெரிந்தது.

"அண்ணே, என் டாஷ்போர்டு தப்புன்னா நானே அந்த டிவியைக் கழட்டி ரோட்டுல வச்சுடுறேன். எங்க தப்புன்னு காட்டுங்க, வாங்க. எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நினைக்கிறீங்களா?"

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உசாங்கியிலிருந்து வந்த பதிவுகளைத் திறந்து, பால் வந்த நேரத்தை வரிசை வரிசையாக விரல் வைத்துப் படித்தோம். கறவை முடிந்து வரவேண்டிய நேரத்துக்குத்தான் பால் வந்திருந்தது. அவள் தலையாட்டினாள், நானும் ஆட்டினேன். குளிர்த்தொட்டி தானாகப் பதிந்த நேரத்தையும் பார்த்தோம். அதுவும் சரி. எல்லாம் சரி, மொத்தம் மட்டும் சிவப்பு! இதென்னடா மாயம் என்று நான் எழுந்து போய்விட்டேன்.

புதன்கிழமை மதியம் கேண்டீனிலேயே கூட்டம். போனால், டிவிக்கு நேர் கீழே கோட்டும் டையுமாக ஒருவர், கண் சிவந்து, எதிரில் ஏழு காலி டீ கிளாஸ்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் சிலேஷே. ஜாம்பியாக்காரர், டாருக்கு வந்து ஆறு மாதம். புதிதாகக் கற்ற ஸ்வாஹிலியில்தான் பேசுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர். டைரக்டரும் ஃபோனில் ஸ்வாஹிலியிலேயே நேரம் சொல்லியிருக்கிறார்.

"எட்டு மணின்னு சொல்லிட்டு ரெண்டு மணிக்கா வர்றீங்க?" என்று வெடித்தார் சிலேஷே.

டைரக்டர் முழித்தார். "எட்டு மணிக்குத்தானே சார் வந்திருக்கோம்?"

"காலைல எட்டுல இருந்து நான் இங்க உட்கார்ந்திருக்கேன்! ஒம்பதரைக்கு அந்தம்மாகிட்ட கேட்டா, எட்டு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருக்குங்கறாங்க! இங்க எல்லாருக்கும் என்ன ஆச்சு?"

ருக்கியா கரண்டியோடு வெளியே வந்தாள். "அதுல என்ன தப்பு? அப்போ மணி மூணரைதானே!"

கேண்டீன் குலுங்கியது. விஷயம் இதுதான். பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் எங்களுக்கு மணி ஒன்று. கடிகாரம் ஏழைக் காட்டும், வாய் ஒன்று என்று சொல்லும். மதியம் இரண்டைத்தான் எட்டு என்போம். பிறந்ததிலிருந்து இப்படியே இருப்பதால் எங்களுக்கு அது உறைப்பதே இல்லை. பாவம், அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"ஆறு மணி நேரம்!" என்றார் சிலேஷே. "முழுசா ஆறு மணி நேரம் காக்க வச்சிருக்கீங்க!"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, ஐகண்டே மட்டும் சிரிக்கவில்லை. டிவியைப் பார்த்தாள். சிலேஷேயைப் பார்த்தாள். மறுபடியும் டிவியைப் பார்த்தாள்.

"ஆறு..." என்றாள். "ஐயோ, ஆறு! கிஹியோ அண்ணே, ஆறு!"

என் தோளைப் பிடித்து அவள் உலுக்கிய உலுக்கில் என் மூக்குக்கண்ணாடி யாரோ ஒருவர் டீயில் விழுந்தது. கூட்டத்தின் நடுவிலேயே நம்சிஃபு டீச்சருக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"டீச்சர், இன்னிக்குக் காலைல முதல் பால் எப்போ வந்துச்சு?"

"ஒண்ணு பத்துக்கு."

"டேப்லெட்ல எப்படிப் பதிஞ்சீங்க? பொத்தானை அமுக்கினா நேரம் தானா விழுமே?"

"அந்தப் பொத்தானை யாரு நம்புவா? நான் கையாலதான் அடிப்பேன். ஒண்ணு பத்து."

"ஏழு பத்துன்னு இல்லையா டீச்சர்?"

"ஏழா?" டீச்சரின் குரல் ஏறியது. "முப்பத்தொரு வருஷம் ஸ்வாஹிலி சொல்லிக்கொடுத்தவ நான். காலைல ஒரு மணிய ஏழுன்னு எழுதின பிள்ளைங்க காதைத் திருகியிருக்கேன். நீ யாரு பொண்ணு?"

ஒன்று பத்துக்கு வந்த பால் ஏழரைக்குக் குளிர்த்தொட்டிக்குள் போனதாகப் பாவம் அந்த மென்பொருள் எண்ணியிருக்கிறது. நானும் ஐகண்டேயும் அந்த ஒன்று பத்தைக் கண்ணால் பார்த்தோமே! பார்த்துத் தலையாட்டினோமே! எங்கள் மண்டையில் அது ஏழு பத்தாக விழுந்தது. பக்கத்தில் குளிர்த்தொட்டி எழுதிய ஏழரை ஏழரையாகவே விழுந்தது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய குருட்டுத்தனம் அது.

"நான் இனிமே மாத்தி எழுதணுமா?" என்று டீச்சர் ஃபோனில் மிரட்டினார்.

"வேண்டாம் டீச்சர். நீங்க எழுதுறதுதான் சரி. பொட்டிக்கு நான் சொல்லிக்குடுக்குறேன்."

"அதான் முறை. புதுசா வந்தது எதுவோ, அது கத்துக்கட்டும்."

ஐகண்டே மடிக்கணினியைத் திறந்தாள். உசாங்கியில் கையால் அடித்த நேரத்தோடு ஆறு கூட்டு என்று ஒரே ஒரு வரி. புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கினாள். டிவியில் சின்னச் சக்கரம் சுற்றியது. என் ஊர் அந்தச் சக்கரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, வேறு எப்படிச் சொல்வது?

பச்சை. உசாங்கி, இருபது நிமிஷம். மராங்கு, இருபத்தெட்டு. பதினொரு மையத்தில் முதல் இடம்!

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியாது. வாட்ச்மேன் டைரக்டரைத் தூக்கிவிட்டான். ருக்கியா சிவப்புத் துணியை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுற்றினாள். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. சிலேஷே தன் கோப்பிலிருந்த மூடல் உத்தரவை நாலாக மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.

"நானும் ஆறு மணி நேரம் வெளியிலதான் இருந்தேன்," என்றார். "கெட்டுப்போகலையே?"

"வாங்க சார், ஆல்கஹால் கலந்து பார்த்துடலாம்!" என்றேன் நான்.

அந்த மனுஷனும் சிரித்துவிட்டார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

எல்லாம் அடங்கியபின் ஐகண்டேயிடம் போனேன். மராங்குவை இழுத்து நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. "தங்கச்சி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையைத் தூக்கி நீதிபதி மாதிரி மேஜையைத் தட்டினாள். "கேஸ் தள்ளுபடி! செலவு மட்டும் பாரேக்காரர் தரணும்."

நான் ருக்கியாவிடம் போய் நாற்பது மண்டாஸி வாங்கி, என் கையாலேயே ஒவ்வொரு மேஜையிலும் வைத்தேன். பாரேக்காரன் காசை அவிழ்த்ததில் வானம் இடிந்து விழுந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக ஒருவன் எட்டிப் பார்த்தான்.

மறுநாள் டிவியில், பதினொரு கட்டங்களுக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் இருந்தது: "கிஹியோ வாங்கிக்கொடுத்த மண்டாஸி: 40." பச்சை நிறத்தில். இரண்டு வருஷம் ஆகிறது. உசாங்கி லாரி தினமும் காலையில் மணி மூன்றுக்கு வாசலில் வந்து நிற்கிறது. கால்மணிக்கு ஒருமுறை எல்லா எண்களும் மாறுகின்றன, அந்த நாற்பதைத் தவிர.