பிரஸ் ஷாப் சிப்பாய்

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு சிப்பாய் இருக்கிறான். பெயர் யேசுராஜ், ஊர் திண்டுக்கல் பக்கம். வருஷம் முழுக்க ஓசூரில் என்னோடு ஒரே பிரஸ்ஸில் நின்று கார் கதவுத் தகடு அடிப்பான். வருஷத்துக்கு ஒருமுறை டெரிடோரியல் ஆர்மி பயிற்சி முகாமுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். அவர்களெல்லாம் பகுதிநேரப் பட்டாளம்; கூப்பிட்டால் போகவேண்டும், முடிந்ததும் பிழைப்பைப் பார்க்கத் திரும்பிவிடலாம்.

எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். லீவு கொடுக்க சூப்பர்வைசர் ஆயிரம் முணுமுணுப்பார், இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

"ஏன்டா, அங்க போயி வெயில்ல ஓடிட்டு வரதுல என்னாடா சொகம் உனுக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இங்க நம்மள லைன் மூணுன்னுதான கூப்புடுறாய்ங்க. அங்க ரேங்கோட நாயக் யேசுராஜ். அது ஒண்ணுதான் முனி எங்கிட்ட இருக்கு" என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். முனிவேல் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே சம்பளத் தேதியில்தான் கம்பெனிக்கு ஞாபகம் வரும்.

எங்கள் ஷாப்பில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது, பிரஸ் இறங்குகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. எல்லாம் கைஜாடைதான். தலையை ஆட்டினால் பொறு, முஷ்டியை உயர்த்தினால் அச்சு சரியாக உட்கார்ந்துவிட்டது, அடி. மற்றதை உதட்டசைவிலேயே படித்துக்கொள்வோம். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எங்கள் ஆட்களுக்கு எல்லாம் ஒன்றுதான். காதுக்கு வைக்கிற அடைப்பான் ஆடிட் வருகிற நாளில் புதுசாகக் கிடைக்கும். மற்ற நாளில் கேட்டால் ஸ்டாக் இல்லை. இப்படியே வருஷங்கள் போய்விட்டன. காது போய்க்கொண்டிருப்பது யேசுராஜுக்கே தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவன் பெண்டாட்டி ப்ரீதா மட்டும் சண்டை போடுவாள், திமிர் என்று நினைத்துக்கொண்டு.

இந்த வருஷ முகாமில் அது வெளிச்சத்துக்கு வந்தது. துப்பாக்கி சுடும் மைதானத்தில் வரிசையாகக் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பலகைப் பக்கம் என்னவோ கோளாறு, நிறுத்தச் சொல்லி, பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் இந்தியில் கத்தியிருக்கிறார். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். இவனுக்குக் கேட்கவில்லை, படுத்துக் கிடப்பவனுக்கு யார் உதடு தெரியும்? உஸ்தாத் இவன் பக்கவாட்டில் ஓடிவந்து முஷ்டியை உயர்த்தினார். பட்டாளத்தில் அதற்கு அர்த்தம் அசையாதே. அது இவனுக்கும் தெரியும். ஆனால் கைக்குத் தெரிந்தது பிரஸ் ஷாப் பாஷை. அடி என்று எடுத்துக்கொண்டு சுட்டுவிட்டான்.

குண்டு மண்மேட்டில் போய்ச் செருகியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். காதைச் சோதித்த டாக்டர் நல்ல மனுஷன். சத்தமில்லாத இடத்தில் வேலையை மாற்றிக்கொண்டு ஆறு மாதம் இருந்துவிட்டு வா, மறுபடி பார்க்கிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் யூனிஃபார்மைக் கழற்றவேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் கம்பெனி கேட்டில் வந்து நின்றான். "ஸ்டோர்ல ஒரு எடம் கேட்டுப் பாப்பமா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்றான். நானும் வீராப்பாகக் கூடப் போனேன். கிழித்துவிடுவேன் என்று நினைப்பு.

ஹெச்.ஆர். அனுப்ரியா மேடம் எங்களை உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி வேகம் இறங்கிவிட்டது.

"நீங்க துப்பாக்கி சுடுறவர். அந்தச் சத்தத்துல காது போயிருக்கும். பிரஸ் ஷாப்னால போச்சுன்னு நான் எப்படி எடுத்துக்க முடியும்?" என்றார் மேடம்.

"வருஷத்துல நாலஞ்சு நாளு சுடறான் மேடம். மீதி நாளெல்லாம் பிரஸ்ஸாண்டதான நிக்கறான்" என்றேன் நான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே பிரஸ்தானே? அத்தனை வருஷமும் இவர்கூடவே நின்னீங்க. உங்களுக்கும் காது கேக்கலைன்னா சொல்லுங்க, பிரஸ்னாலதான்னு நானே எழுதி இவரை ஸ்டோருக்கு மாத்தறேன். உங்களையும் டெஸ்டுக்கு அனுப்பறேன்."

டெஸ்டு என்றால் எனக்குத் தெரியும். போன வருஷம் வெல்டிங் சுபாஷைக் கண் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் கான்ட்ராக்டர் அவனை வரவேண்டாம் என்றுவிட்டான். என் இடது காதில் ஒரு விசில் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, பொங்கலிலிருந்து. ஊரில், வேப்பனப்பள்ளி வீட்டில்கூடச் சொல்லவில்லை, யேசுராஜ் ஒருத்தனிடம்தான் சொல்லியிருந்தேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவனுக்கு நல்லாக் கேக்குது மேடம்" என்றான் யேசுராஜ்.

"அப்படியா?" என்று என்னைப் பார்த்தார் மேடம்.

யேசுராஜ் மேஜைக்குக் கீழே என் தொடையை அழுத்திப் பிடித்திருந்தான். நான் தலையை ஆட்டினேன். மேடம் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "உன்ன யாருடா அப்டி சொல்லச் சொன்னது?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"வுடு முனி" என்று கையை எடுத்துவிட்டான். "செகண்ட் ஷிஃப்ட் ஆரம்பிச்சிருச்சு. லேட்டாப் போனா அரைநாள் புடிச்சுருவாய்ங்க."