சவுக்குத் தோப்புக்குள் சேம்பு

காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும்... சவுக்கு மரத்திலிருந்து ஊசி ஊசியாக உதிர்ந்த சருகு. மேலே காற்று புகுந்தால் மழை வருவது போல ஓர் இரைச்சல்.

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி கொமரலிங்கத்திலிருந்து திருப்பூர் வந்த புதிது. எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஹவுஸ் ஓனரின் சவுக்குத் தோப்பு. செடி வைக்க வேறு இடமில்லை. அவரிடம் கேட்டு, அதற்குள்ளேயே தக்காளியும் மிளகாயும் நட்டேன். எல்லாம் வெயிலைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, வெளுத்து, சாய்ந்துவிட்டன.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கரு கலைந்ததிலிருந்து வேலைக்குப் போகாமல், யாரிடமும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஒரு நாள் அவராகவே கேட்டார்.

"ஏன் கண்ணு, அந்தச் செடியெல்லாம் எதுக்கு அப்படி வெளுத்துப் போச்சு?"

"நெழலு ஆகலையாட்ட இருக்குதுங்க்கா."

"நெழல்லயே வர்றது ஏதாச்சும் இருக்குமில்ல?"

அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போனபோது வாய்க்கால் ஓரத்துச் சேப்பங்கிழங்கும் கொஞ்சம் விதை மஞ்சளும் கொண்டுவந்தேன். அக்கா சருகை ஒதுக்கி, சாணம் கலந்து குழி போட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம். முளைத்துவிட்டதா என்று அக்கா தினமும் விரலால் கிளறிப் பார்ப்பார். நான் சத்தம் போடுவேன்.

மஞ்சள் சுமார்தான். சேம்பு மட்டும் முறம் முறமாக இலை விட்டது. அதைப் பார்க்க அக்கா பல் துலக்கும்போதே வந்து நின்றுவிடுவார்.

பிறகு ஓனர் மரங்களை வெட்டி விற்றார். வெயில் வந்துவிட்டதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒரே வாரத்தில் சேம்பு இலையெல்லாம் கருகிவிட்டது. அக்கா மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அவர் மண்வெட்டியோடு வந்து தோண்டிப் பார்த்தார்.

"இலைதான் போச்சு கண்ணு. கெழங்கு நல்லாத்தான் இருக்குது."

அன்று சாயங்காலம் லைனில் இருந்த எல்லா வீட்டுக்கும் சேப்பங்கிழங்கு வறுவல் போனது. அடுத்த திங்கட்கிழமை அக்கா கம்பெனிக்குப் போனார்.

போன மாதம் என் மருமகள் வெயில் படாத பால்கனிக்கு என்ன செடி வைக்கலாம் என்று செல்போனில் தேடினாள். அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. வாங்கி வைத்த ஒரு செடிகூட இதுவரை வாடவில்லை. நல்லதுதான்...

ஆனால் அதைப் பற்றிப் பேச அவள் இன்னும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.