தபீதாள் தள்ளிப்போட்ட சாட்சி

சித்தூர் மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர் தபீதாள். அதிகம் பேசமாட்டார், பேசினால் பிசிறு இருக்காது. கல்யாணமாகி நெடுநாள் கழித்து, 1986-ல், முதல்முறையாக உண்டானார். ஏழாம் மாதம் திருப்பதிக்குப் போய், அப்போதுதான் அங்கே வந்திருந்த ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். தானாக வற்றினாலும் வற்றும். வற்றாவிட்டால் பிறந்ததும் மூச்சுத் திணறும், ஊசி குத்தி நீரை எடுக்க வேண்டும். அதனால் பிரசவம் இந்த ஆஸ்பத்திரியில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் சபை சும்மா இருக்குமா? உபவாச ஜெபம் வைத்தோம். அடுத்த ஸ்கேனில் நீர் குறைந்திருந்தது. கணவர் அசரியா அதைச் சபைக் கோயில் வாசலில் சொன்னதுதான் தாமதம், நாலு வாய் மாறுவதற்குள் 'குறைந்தது' போய் 'சுகமாயிற்று' என்றாகிவிட்டது. சுகம் பெற்றவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, கடவுள் செய்ததை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அது அவிசுவாசம். மாமியார் ஞானம்மாள் வீட்டிலேயே பிரசவம் பார்க்க உள்ளூர் மருத்துவச்சிக்குச் சொல்லியே விட்டார்.

அந்த ஞாயிறு போதகர் ஐயர் சாட்சி சொல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தபீதாள் எழுந்தார்.

"கொறஞ்சிருக்குதுன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க ஐயரே. போயிடுச்சின்னு சொல்லல. ஜெபம் பண்ணிக்கினே இருங்க. கொழந்த பொறந்து அழுவட்டும், சாட்சி அப்பால சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டார். பட்டினி கிடந்து ஜெபித்தவர்களுக்கெல்லாம் முகம் சுண்டிப்போயிற்று.

அசரியாவுக்குத் தலை நிமிர முடியவில்லை. வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார். மாதம் நெருங்கியதும் தபீதாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார். அதே பஸ்ஸில் பின் சீட்டில், வாயைத் திறக்காமல் அசரியாவும் போனார்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை, உடம்பு நீலம் பாரித்தது. குறைந்த நீர் மறுபடி கூடியிருந்தது. டாக்டர் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கி அதை உறிஞ்சினார். வைக்கோல் நிறத்தில் வந்தது. அதன் பிறகுதான் மெல்லிய ஒரு முனகல். சில நாளில் இன்னொரு தடவை சுரந்தது, எடுத்தார்கள். அப்புறம் நின்றுவிட்டது.

அசரியாவைக் குழந்தை இருந்த வார்டுக்குள் விட்ட அன்று குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தட்டிக்கொடுக்க நர்ஸ் கையை நீட்டினார்.

"உடுங்க சிஸ்டர்," என்றார் அசரியா. "கொஞ்ச நேரம் அழுவட்டும்."