நாலு சுற்று கூடுதல் பூஸ்ட்

காதர் பாயின் பிக்கப்பை டோ டிரக் எங்கள் ஜூரோங் பட்டறையில் இறக்கியபோது மணி பதினொன்றரை. பின்னால் இருந்த சாப்பாட்டுப் பெட்டிகள் இன்னும் சூடாக இருந்தன. லிட்டில் இந்தியாவில் சமைத்து, தொழிற்சாலை ஒன்றுக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர் அவர். சமையலும் அவரே, டிரைவரும் அவரே. வண்டி அந்த ஒன்றுதான்.

டிப்ஸ்டிக்கை உருவினேன். எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்காப்பி நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பிறகுதான் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் ஹோஸைப் பார்த்தேன். புத்தம் புதுசு. நான் மாட்டியது இல்லை.

பத்து நாளுக்கு முன் அதே ஹோஸில் வெடிப்பு. கேஜ் மாட்டிப் பார்த்தால் காற்றழுத்தம் பதினேழு psi வரவேண்டிய இடத்தில் பதினொன்றுதான் வந்தது. புது ஹோஸ் வர இரண்டு வாரம் ஆகும்.

“மேம்பாலம் ஏறவே மாட்டேங்குது அண்ணே. சாப்பாடு லேட்டா போனா கான்ட்ராக்ட் கேன்சல் பண்ணிடுவாங்க லா” என்றார் பாய்.

“நாளைக்கே ஓடும், பாருங்க” என்றேன். என்னால் முடியாதது உண்டா என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

டர்போவில் அழுத்தம் மிஞ்சினால் வேஸ்ட்கேட் வால்வு திறந்து குறைத்துவிடும். அதை இயக்கும் ஆக்சுவேட்டர் ராடைச் சுருக்கினால் அது தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் என்கிற அந்த அழுத்தம் ஏறும். நாலு சுற்று முறுக்கினேன். கசிவு போக, கேஜில் பதினேழு வந்தது. ஜாப் கார்டில் ‘பூஸ்ட் ஓகே’ என்று எழுதினேன்.

“ஹோஸ் வந்ததும் கூப்பிடுறேன் பாய்” என்றேன். ராடைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான்தானே கழற்றி மாட்டப்போகிறேன், அவருக்கு எதற்கு என்று நினைத்தேன்.

கேலாங்கில் ஒரு கடையில் அதே ஹோஸ் கிடைத்ததும் பாய் தானே மாற்றிவிட்டார், வண்டி நிற்பதற்கு முந்தின நாள் மாலை. கசிவு நின்றது; என் நாலு சுற்று அப்படியே இருந்தது. பூஸ்ட் அளவுமீறி ஏறியது; அதைத் தடுக்க அந்தப் பழைய எஞ்சினில் எலக்ட்ரானிக் கண்ட்ரோல் கிடையாது. எக்ஸ்பிரஸ்வேயில் கேஸ்கெட் போனது. சாப்பாடு ஆறிவிடுமே என்று சூடு காட்டும் ஊசி சிவப்பில் நிற்கும்போதும் ஓட்டியிருக்கிறார். சிலிண்டர் ஹெட்டும் விரிசல் விட்டுவிட்டது.

தொழிற்சாலைக்குப் போன் பேச அவர் வெளியே போனார். அவர் வருவதற்குள் நான் ஸ்பேனரை எடுத்து நாலு சுற்றையும் திரும்பக் கழற்றினேன். ஒரு நிமிஷ வேலை.

திரும்பி வந்தவர் முகத்திலேயே தெரிந்தது. “வேற ஆளப் பாத்துக்கிட்டாங்களாம்” என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். “மன்னிச்சிருங்க அண்ணே. உங்களக் கேக்காம ஹோஸ மாத்துனேன். என் தப்புதான்.”

“பரவாயில்ல பாய்” என்றேன்.

அவரை நான் மன்னித்தேன். அதை எழுதவே கை கூசுகிறது.

இப்போது ராடைத் தொட்டால் மஞ்சள் பெயின்டில் குறி வைக்கிறேன், எத்தனை சுற்று என்று கார்டில் எழுதுகிறேன், வண்டிக்காரரை நிறுத்திவைத்து வாயாலும் சொல்கிறேன். மெக்கானிக்காக இருந்தால் நீங்களும் செய்யுங்கள். மறைத்துச் செய்கிற ரிப்பேர் ரிப்பேரே இல்லை. ஆனால் இதெல்லாம் காதர் பாய்க்கு எதற்கு உதவும்? சமையல்கூடத்தை மூடிவிட்டு அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார்.

போன மாதம் சுவா சூ காங் எம்ஆர்டி வாசலில் பார்த்தேன். கூட வந்த டிரைவரிடம் என்னைக் காட்டினார்.

“நான் சொல்வேன்ல, அந்த மெக்கானிக் இவருதான். இவரு பேச்சக் கேட்டிருந்தா என் வண்டி இன்னைக்கும் ஓடும்.”

அன்றும் அந்த நாலு சுற்றைப் பற்றி நான் சொல்லவில்லை.