மாமியார் கேட்ட கதை

கல்யாணமாகி ஆயக்குடியிலிருந்து மன்னவனூருக்கு வந்த புதிதில், அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. "பூண்டு பிடுங்குற சோலி பாதியில கெடக்கு. முடிச்சுட்டுப் போ" என்றார் மாமியார். மழை விழுந்தால் பூண்டு அழுகிவிடும் என்பது எனக்கும் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.

அந்தக் கோபம் ஆறவேயில்லை. பல வருடம் கழித்து அதைக் கதையாக எழுதினேன். ஊர்ப் பெயரைக் கிளாவரை என்று மாற்றினேன், பூண்டை உருளைக்கிழங்கு ஆக்கினேன். மாமியாரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே போட்டேன். புனைபெயரில் ஒரு வார இதழில் வந்தது.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார், விஷயம் தெரியாமல் அதையே மாமியாருக்கு வாசித்துக் காட்டினார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்ததும் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் மாமியாளும் என்னைய இப்படித்தான் விடல. எங்கய்யா மொகத்தக்கூடப் பாக்கல. இத எழுதுன பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார்.

இப்போதெல்லாம் கோபத்தில் எழுதியதை உடனே அனுப்புவதில்லை. நான் திட்டுகிறவரும் யாருக்கோ மகளாக இருந்தவர்தானே என்று நினைத்து, திரும்ப எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை நான்தான் என்று மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது எழுதும் இதையும் நாத்தனார் வாசித்துக் காட்டட்டும்.