முப்பத்திரண்டிலிருந்து இருபத்திரண்டுக்கு

என் கணவருக்கு இரண்டு தாரம் என்று நான் சொன்னால், வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். மூத்தவள் ஒரு சின்ன ரிவால்வர். வனத்துறையில் இருந்த அவருடைய தாய்மாமா விட்டுப்போனது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறிவிட்டதால் சட்டப்படி அவள்தான் முதல். பீரோவின் உள்லாக்கர் அவளுக்கு. என் வளையல்கள் வெளித்தட்டில், புடவைகளுக்கு நடுவே கிடக்கும்.

நாங்கள் தெலுங்கு பேசும் ஒரு பெருநகரத்தின் ஓரம், போலாரத்தில் இருந்தோம். அவருக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை அரையும் குறையுமாகச் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளப்பின் சுடுதளத்துக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து ஹாலில் பழைய பேப்பரை விரித்து, மூத்தவளைத் துடைத்து எண்ணெய் போட உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். நான் மூத்தவளைத் தொட்டதே இல்லை. தேர்தல் வந்தால்தான் எனக்கு விடுதலை. அப்போது லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். "மூத்தவ பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா" என்று நான் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

மகள் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவருடைய வலது கை மெலியத் தொடங்கியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்தது. டாக்டர் நரம்பு வியாதி என்றார். ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். போகப் போக மற்ற இடங்களுக்கும் பரவும் என்று சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் இவர், "வாட்டி, காப்பி குடிப்போம்" என்றார். அந்த நோயின் பெயரை அதற்குப் பிறகு வீட்டில் அவர் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தோட்டாவின் பருமனைத்தான் துப்பாக்கிக்காரர்கள் போர் என்பார்கள். மூத்தவள் முப்பத்திரண்டு போர். "முப்பத்திரண்டு கையில உதைக்கு, பாத்துக்கோ. இருபத்திரண்டுக்கு மாத்திட்டா ஒரு தொந்தரவும் இல்ல" என்று என்னிடம் விளக்குவார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். கிளப் நண்பர்கள் வீட்டுக்கே வந்து இதை வாதாடினார்கள். ஒருவர் முப்பத்தெட்டு என்று ஆரம்பித்தார். அது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது, இந்த ரிவால்வரின் சின்ன உடம்பு அதைத் தாங்கவும் தாங்காது என்று மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். இன்னொருவர், போரை மாற்றாதே, கைப்பிடிக் கட்டையைப் பருமனாக மாற்று என்றார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில்கூட இத்தனை யோசனை நடக்காது. நான் காப்பி கலந்து கலந்து ஓய்ந்தேன்.

பழைய நகரத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க் கடை ஒன்று இருந்தது. தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன். கடைக்காரர் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்தீஸிச் ரக்கோ சாப், பாயீஸ் நக்கோ" என்றார். முப்பத்திரண்டே இருக்கட்டும், இருபத்திரண்டு வேண்டாம் என்கிறார். குழலுக்குள் மெல்லிய குழல் ஒன்றைச் செருக வேண்டும், தோட்டா இருக்கும் உருளையைப் புதிதாகக் கடைய வேண்டும், துளை சின்னதானால் இரும்பு மிஞ்சும், ஆகவே துப்பாக்கி இன்னும் கனக்கும் என்று சொன்னார். இவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "பாயீஸ்தான்" என்றார். கடைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு வாதாடவில்லை.

ஆனால் இன்னொன்று கேட்டார். இந்த வகை ரிவால்வர் விசையை அழுத்தினால் மட்டும் வெடிக்காது. ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திய பிறகுதான் விசைக்கு வேலை. அந்த ஹேமரில் விரல் படும் காதைக் கொஞ்சம் அகலமாக, தாழ்வாக வைத்துத் தரட்டுமா, விரலுக்குச் சுலபமாக இருக்குமே என்றார். "நக்கோ பாய், அது அப்படியே இருக்கட்டும்" என்று இவர் சட்டென்று சொன்னார். குரலில் கோபம்கூட இருந்தது. நல்லதைச் சொன்ன மனுஷனிடம் ஏன் எரிந்துவிழுகிறார் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

போர் மாற்ற அரசாங்க அனுமதி வேண்டும். அதற்காக அலைந்தார். அது கிடைத்து, கடையில் கொடுக்கப் போகும் சமயத்தில் இடைத்தேர்தல் வந்தது. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் இடைத்தேர்தலுக்குப் பஞ்சமே இல்லை. மூத்தவள் ஸ்டேஷனுக்குப் போனாள். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை.

காத்திருந்த அந்த மாதங்களில் அவர் கட்டைவிரல் செய்த வேலைகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தன. சட்டைப் பொத்தான், பேஸ்ட் மூடி, கதவுச் சாவி. பொத்தான் போடும்போது, "அசையாம நில்லுங்க" என்று அதட்டுவேன். அதட்டாவிட்டால் அழுதுவிடுவேன். அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு, "இருபத்திரண்டுல உதையே தெரியாதாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். "ஆமா, நல்லதுதான்" என்பேன். மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "அம்மேசெய் நான்னா" என்றாள் அப்பாவிடம் ஒருநாள், ரிவால்வரை விற்றுவிடச் சொல்லி. "மொதல்ல என்னைய வித்துரு" என்றார். அவளை அவர் அப்படிக் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் தேர்தல் ஓய்ந்து, கடையில் வேலையும் முடிந்து ரிவால்வர் வந்தது. ஹாலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர் சொன்னபடி கனம் கூடியிருந்தது. "பாத்தியா, வேலைன்னா இதுல்லா வேலை" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவரால் மறுபடியும் சுட முடியும் என்று நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். கிளப்புக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. நண்பர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே மேற்பார்வை. அவரே தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தார். இவர் இடத்தில் நின்று கையை நீட்டி, கட்டைவிரலை ஹேமரில் வைத்து இழுத்தார். விரல் வழுக்கியது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் வழுக்கியது. போரைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்திரண்டானாலும் இருபத்திரண்டானாலும் அந்த ஹேமர் அதே ஹேமர்தான்.

இவருக்கு இது முன்னாலேயே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் ஏன் எரிந்துவிழுந்தார் என்பதும் விளங்கியது. உதையைக் குறைக்க ஒரு வழி இருந்தது, அதனால் உதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். விரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். இவர் பக்கத்தில் போய் நின்று, வாழ்நாளில் தொடாத அந்தச் சாமானின் ஹேமரில் என் கட்டைவிரலை வைத்து இழுத்தேன். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. சொடுக்கென்று நின்றது. பின்னால் விலகிக்கொண்டேன்.

விசையில் ஆள்காட்டி விரலை வைத்து அவர் குறி பார்த்தார். துப்பாக்கியின் முனை லேசாக ஆடியது, பிறகு நின்றது. வெடிச் சத்தத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அவர் அப்படியே நின்றார். பிறகு குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏட்டி, விரல் வரமாட்டேங்கு. இந்த விரலும் போயிட்டு."

மேற்பார்வையாளர் வந்து துப்பாக்கியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, ஹேமரைத் தாழ்த்தினார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு, தன் நோயைப் பற்றி இவர் என்னிடம் வாய் திறந்தது அப்போதுதான். நான் அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவருடைய வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வீட்டுக்குப் போவோம்" என்றார். போக முடியாமல் இரண்டு பேரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம்.